ஹற்றன் – நல்லதண்ணிச் சாலை: ஒரு நாட் செலவிற் காணும் மலையகக் கோயில் வரலாறு

இலங்கைச் சைவக் கோயில்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரிதும் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணேச்சரத்தையும் முன்னேச்சரத்தையும், பொலனறுவையிற் சோழராட்சியின் எச்சங்களாய் நிற்கும் சிவதேவாலயங்களையும் பற்றியே எழுதினர். அஃது இயல்பே. கல்வெட்டும் பதிகமும் தலபுராணமும் உள்ளவிடத்து வரலாற்றாசிரியனுக்குக் காலூன்ற நிலமுண்டு. ஆயின், மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே, லயங்களின் மேற்புறத்தும் தொழிற்சாலை வாயிலிலும் மலையோரத்துப் பாறையடியிலும், மரத்தடியில் நாட்டிய கல்லும் சூலமுமாகத் தொடங்கி இன்று விமானமும் மண்டபமும் கொண்டு நிற்கும் கோயில்களுக்குப் பதிகம் பாடியவர் எவருமிலர். தலபுராணம் இயற்றியவரும் இலர். அவற்றைக் கட்டியவர்களின் வரலாறு எவ்வளவு குறைவாக எழுதப்பட்டதோ அவ்வளவு குறைவாகவே அவற்றின் வரலாறும் எழுதப்பட்டுள்ளது.

இக்குறைபாட்டிற் சட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் தேதிக்கு முற்பட்டவற்றையே பழைய நினைவுச் சின்னங்கள் என வரையறுத்தது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்குப் பிற்பட்ட சின்னங்களைத் தனிக் கட்டளை பிறப்பித்துக் காக்க வழியுண்டெனினும், தொன்மைக்குரிய பொது எல்லை அந்நாளோடு நின்றது. மலையகத் தமிழ் மக்களின் வரலாறோ அந்நாளின் விளைவாகவே தொடங்குவது. கண்டி இராச்சியம் வீழ்ந்திராவிடிற் கோப்பித் தோட்டமில்லை. கோப்பித் தோட்டமின்றேல் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்திரார். நாட்டின் தொன்மை முடிந்ததாகச் சட்டம் கொண்ட நாளுக்குப் பின்னர்த் தோன்றிய ஒரு சமுதாயத்தின் வழிபாட்டிடங்கள், எத்தனை தலைமுறை பழையனவாயினும், 'பழையன' எனும் பெயர் பெறுதல் அரிதாயிற்று.

இவ்வரலாற்றைக் கண்கூடாகக் காண்பதற்கு நெடும்பயணம் வேண்டுவதில்லை. ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை செல்லும் சாலை ஏறத்தாழ இருபது மைல் நீளமானது. காலையிற் பேராதனையிற் புகைவண்டி ஏறும் மாணவன் நண்பகலளவில் ஹற்றனை அடைந்து, அந்தி சாயுமுன் அச்சாலை முழுவதையும் கண்டுவிடலாம். விரும்பினால் இரவில் மலையேறி மறுநாட் காலையிற் கதிரவன் எழுவதையுங் காணலாம். இந்த இருபது மைலுக்குள், நான்கு சமயங்களும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளும் அடங்கிக் கிடக்கின்றன. யாத்திரைப் பருவம் மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நீடிப்பது. செலவுக்கு ஏற்ற காலமும் அதுவே.

ஹற்றன் நகரம் புகைவண்டி பெற்ற நகரம். நாவலப்பிட்டி வரை 1874இல் வந்த இருப்புப்பாதை 1884இல் ஹற்றனையும், அதற்கடுத்த ஆண்டு நானுஓயாவையும் எட்டியது. கோப்பி, இலைநோயால் அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட காலமும் அதுவே. நோய் முதன்முதலிற் காணப்பட்டது 1869இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிற் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்குப் புகைவண்டி கிடைக்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே நடந்து, மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் பலர். அம்மை நோய்க்கும் கொள்ளை நோய்க்கும் தெய்வமாகிய மாரியம்மன் மலையகத்தின் தலையாய தெய்வமானதற்கு வேறு காரணந் தேட வேண்டியதில்லை. காட்டுவழி முடியும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் எழுந்ததும், அது மலையகத்தின் பெருங்கோயிலாய் வளர்ந்ததும் தற்செயலன்று. அக்கோயில் 1983 யூலை வன்செயலில் எரியுண்டு பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

ஹற்றன் நகரிலே பயணி முதலிற் காண்பது மாணிக்கப் பிள்ளையார் கோயில். மலையக நகரக் கோயில்கள் பொதுவாக வணிகரின் ஆதரவில் வளர்ந்தவை. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் பிற வணிகரும் தாம் கடை வைத்த இடங்களிலெல்லாம் பிள்ளையாருக்கோ கதிரேசனுக்கோ கோயிலெடுத்தனர். அவற்றில் ஆகம முறைப் பூசை நடைபெறும், கணக்கேடு உண்டு, தர்மகர்த்தாக்கள் உண்டு. ஆகவே நகரக் கோயிலின் வரலாற்றை ஓரளவிற்கு ஆவணங்கொண்டு எழுதலாம். நகரெல்லை கடந்து தேயிலைக்குள் நுழைந்ததும் இந்நிலை மாறுகின்றது.

டிக்கோயாவில், காசல்றீ நீர்த்தேக்கத்தை நோக்கிய மேட்டில், வார்லி கிறிஸ்து நாதர் தேவாலயம் நிற்கின்றது. 1878இல் தோட்டத்துரைமார் எழுப்பிய சிறு கற்கோயில் அது. முற்றத்திலே கல்லறைகள். அவற்றின் மேற் பெயரும் வயதும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. காய்ச்சலால் இறந்த இளந்துரை எந்த ஊரிற் பிறந்தான் என்பதையும் கல்லே கூறிவிடும். அதே காலத்தில், அதே சரிவுகளில், அதே காய்ச்சலால் இறந்த தொழிலாளர் தேயிலைக்கு அடியிலே புதைக்கப்பட்டனர். அவர்களுக்குக் கல்லில்லை. தேவாலயத்தின் அழகைப் புகழ்ந்து படம் பிடித்துச் செல்வோர் பலர். எதிர்ச்சரிவிலே தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனித்து நிற்கும் பெருமரத்தையும் அதனடியிற் குங்குமம் அப்பிய கல்லையும் நோக்குவோர் சிலரே. இரண்டும் ஒரே காலத்து நினைவுச் சின்னங்கள். ஒன்றுக்கு ஆண்டுண்டு, மற்றையதற்கு இல்லை, வேறுபாடு அவ்வளவே.

தோட்டக் கோயில் பிறந்த முறை ஏறக்குறைய எங்கும் ஒன்றே. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணி ஒருவனின் கீழ் உறவினரும் ஊரவருமாகக் கூட்டமாய் வந்தவர்கள், தம் ஊர்த் தெய்வத்தையும் உடன் கொணர்ந்தனர். ஊர்க்கோயிலின் பிடிமண்ணை முடிந்து வந்து மலையில் வைத்ததாகச் செவிவழிச் செய்திகள் கூறும். காட்டை வெட்டும்போது ஒரு மரத்தை வெட்டாது விட்டனர், அம்மரமே கோயில். பின்னர்த் தகரக் கூரை, அதன்பின் கற்சுவர், அதன்பின் சுதைவேலை என அக்கோயில் வளர்ந்தது. துரைமார் இதனைத் தடுக்கவில்லை. பலவிடத்து மரமும் தகரமும் உதவினர். திருவிழாவுக்கு விடுமுறை அளித்து, முன்வரிசையில் அமர்ந்து மாலையும் ஏற்றனர். அதனை வெறும் பரந்த மனப்பான்மையெனக் கொள்ளுதல் பேதைமை. கோயிலுள்ள தோட்டத்தைவிட்டுத் தொழிலாளி எளிதில் நீங்கான் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கோயிலின் முதன் மரியாதை பெரியங்கங்காணிக்குரியது. அவனே ஆளைக் கொணர்ந்தவன், கடன் கொடுத்தவன், சம்பளத்தைக் கையில் வாங்கிப் பங்கிட்டவன். பரிவட்டமும் அவன் தலைக்கே ஏறியது. சாதியடுக்கும் ஊரிலிருந்தபடியே மலைக்கு வந்தது. குடியானவர் எனப்பட்டோர் கோயிலின் உள்ளும், தாழ்த்தப்பட்டோர் வாயிலின் புறத்தும் நின்றனர். தப்படிப்போன் தப்படித்தான், ஆயினும் பூசையிற் பங்கு பெறவில்லை. ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூல், கூலியும் வேலையும் யாவர்க்கும் ஒன்றாயிருந்த தோட்டத்திலும் சாதி எவ்வாறு நிலைத்தது என்பதை விளக்குகின்றது. பிரட்டுக்களத்தில் ஒரே வரிசையில் நின்றவர்கள் திருவிழாவில் வெவ்வேறு வரிசைகளில் நின்றனர். எனினும் அந்நிலை மாறாதிருந்ததென்று கூறிவிட முடியாது. தொழிற்சங்கங்கள் வளர, கங்காணியின் இடத்தைத் தோட்டத் தலைவர் பெற்றார். செக்றோலிற் பெயருள்ள ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் கோயிற் பணம் மாதந்தோறும் பிடிக்கப்படும் முறை வந்தபின், பணங்கொடுத்தவர் யாவரும் கோயிலுக்கு உரியவர் என்ற வாதம் எழுந்தது. ஆலயப் பிரவேசத்துக்கு அறநூல்கள் செய்யாத உதவியைச் சம்பளப் பட்டியல் செய்தது எனலாம்.

மாரியம்மனை விடுத்துச் சிறு தெய்வங்களிடஞ் சென்றால், மலையகத்துக்கே உரிய ஓர் ஆக்கத்தைக் காணலாம். முனியாண்டி, மாடசாமி போன்ற தெய்வங்கள் ஊரிலிருந்து வந்தவை. ஆயின் ரோதைமுனி ஊரில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்தைக் காக்கும் தெய்வம் அது. ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேயரிடமிருந்து சிங்களத்திலும் இலங்கைத் தமிழிலும் புகுந்த சொல். தொடக்கத்தில் நீர்ச்சக்கரத்தாலும் பின்னர் எண்ணெய் எஞ்சினாலும் ஓடிய அரைக்கும் எந்திரத்திலே கை அகப்பட்டால், மீட்டெடுக்க அக்காலத்தில் வழியில்லை. அந்த அச்சத்துக்கு உருக்கொடுத்து, தொழிற்சாலையருகே கல் நாட்டி, ஆண்டுக்கொருமுறை சேவல் அறுத்துப் பொங்கலிட்டனர். கைத்தொழிற் புரட்சி ஐரோப்பாவிலே சமய நம்பிக்கையைத் தேய்த்தது என்பர். டிக்கோயாவிலே அது புதிய தெய்வமொன்றைப் பிறப்பித்தது.

கவ்வாத்துச்சாமியும் அத்தகையதே. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கொருமுறை அடிவரை வெட்டிவிடும் வேலையே கவ்வாத்து. கூரிய கத்தி, வழுக்குஞ் சரிவு, மழை, அட்டைக்கடி. வேலை தொடங்கும் நாளில் மலையின் ஓரத்திலே ஒரு கல்லை வைத்து, கத்திகளை அதன்முன் அடுக்கி வணங்கிய பின்னரே முதற்செடி வெட்டப்படும். கவ்வாத்து முடிந்ததும் அக்கல் மீண்டும் வெறுங்கல்லாகிவிடுவதும் உண்டு. இத்தெய்வங்களுக்கு விமானமில்லை, மூர்த்தமில்லை, நிலையான பூசகருமில்லை. தேயிலை விளைக்கும் முறையின் ஒவ்வோர் ஆபத்தான படிக்கும் ஒரு தெய்வம் காவல் நின்றது என்று காண்போன், தோட்டத்தின் விபத்துப் புத்தகத்தில் எழுதாது விடப்பட்டவற்றையும் இத்தெய்வங்களின் பெயர்களிலிருந்தே ஊகிக்கலாம். கோயிற் கலை வரலாறு எழுதுவோர் இவற்றைப் பொருட்படுத்தாமை வியப்பன்று. தொழிலாளர் வரலாறு எழுதுவோரும் பொருட்படுத்தாமையே வியப்பு.

மாசி மாதத்தில் இவ்வழியே செல்வோன் லயங்களின் முற்றத்திலே காமன் கம்பம் நாட்டியிருக்கக் காண்பான். மாசி அமாவாசைக்குப் பின்னர்த் தொடங்கும் காமன் கூத்து இரதிக்கும் மன்மதனுக்கும் மணமுடித்து, தவங்கலைத்த மன்மதனைச் சிவன் எரித்து, இரதியின் புலம்பலோடு உச்சமடைந்து, அவன் உயிர்த்தெழுதலோடு முடிவது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் போல இதுவும் தப்பின் ஒலியிலே தோட்டம் முழுதும் பங்குகொள்ளும் வழிபாடு, நடிகனும் விரதங்காப்பான். கோயிலுக்குள் நுழைய இடமில்லாதிருந்தவர்களே இக்கூத்துக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தனர் என்பதை மறத்தலாகாது.

நோர்வூட்டைக் கடந்து மஸ்கெலியாவை நோக்கிச் சாலை இறங்குமிடத்திலே, கோயில்களின் வரலாறு குடியுரிமையின் வரலாற்றோடு சேர்கின்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாக்காளர்களை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாக்கிஸ்தானியக் குடியிருப்பாளர் பதிவுக்கு இடமளித்ததெனினும், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டும் ஏறத்தாழ 1,34,000 பேரே பதிவு பெற்றனர். பாட்டன் நட்ட மரத்தடியிற் பேரன் பூசை செய்து நின்றான். ஆயின் மரம் சான்றாகாது, கடதாசி வேண்டும். பிறப்பைப் பதியாத தோட்டத்திற் பிறந்தவனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டது.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் தீர்மானித்துச் சரிபாதியாகப் பிரித்தனர். தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். ஒரு குடும்பத்தில் அண்ணன் சென்றான், தம்பி நின்றான். திருவிழாவிற் கரகம் எடுத்தவன் சென்றால் வேறொருவன் எடுப்பான். ஆயின் எவ்வீட்டார் எவ்வுரிமையைப் பெற்றனர் என்பதை அறிந்த முதியவர் சென்றபோது, கோயிலின் எழுதா ஏடு அவரோடு சென்றுவிட்டது. தோட்டக் கோயில்களின் தோற்றத்தைப் பற்றி இன்று வினவுவோர்க்குப் பலவிடத்தும் 'பழைய காலத்துக் கோயில்' என்பதற்கு மேல் விடை கிடைக்காமைக்கு இக்குடிபெயர்வு ஒரு பெருங்காரணம். நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பெருமளவு முடிவு கண்டது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. கோயில் நின்ற நிலம் இம்மாற்றங்களுள் எதனாலும் கட்டியவர்களின் நிலமாகிவிடவில்லை.

மஸ்கெலியாவின் இன்றைய நகரம் புதியது. பழைய நகரம் 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தினுள் மூழ்கியது. மின்சாரத்தின் பொருட்டுக் கடைத்தெருவையும் வழிபாட்டிடங்களையும் விட்டு மக்கள் மேட்டுக்கு ஏறினர். கோயிலுக்குக் கோயில் மேலே கட்டப்பட்டது; பழைய கட்டடங்கள் நீருக்குள் விடப்பட்டன.

நல்லதண்ணியை அடைந்தால் மலை எதிரே நிற்கின்றது. 2,243 மீற்றர் உயரம். உச்சியில் ஓர் அடிச்சுவடு. பௌத்தர்க்கு அது புத்தர் பாதம். சைவர்க்குச் சிவன் பாதம். இஸ்லாமியர்க்கு ஆதம் நபியின் பாதம். கிறிஸ்தவருட் சிலர் புனித தோமையாரின் பாதமென்பர். தோட்டத் தமிழரிடை வழங்கும் 'பாவாதமலை' என்னும் பெயர் பாவா ஆதம் மலை என்பதன் மரூஉ. சிவனை வணங்கச் செல்வோர் ஆதமின் பெயரால் மலையை அழைப்பதில் எவ்வித முரண்பாட்டையும் கண்டதில்லை.

இம்மலையோடு தமிழுக்குள்ள தொடர்பு தேயிலையோடு தொடங்கியதன்று. மணிமேகலையின் இருபத்தெட்டாவது காதை இலங்காதீவத்துச் 'சமனொளி' எனும் மலையையும், அதனை வலங்கொண்டு மீளும் தரும சாரணரையும் குறிப்பிடுகின்றது. சிவனொளிபாதம் என்னும் இன்றைய பெயர் சமனொளியிலிருந்து திரிந்து அமைந்ததெனக் கொள்ளுதல் பொருத்தமானது. பௌத்த காப்பியம் வழங்கிய பெயரைச் சைவம் தன்வயமாக்கிக்கொண்டது போலும். 1344இல் இம்மலைக்கு வந்த இபுன் பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும், ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கச் செல்லும் வழக்கமுடைய நான்கு யோகியரையும் மூன்று பிராமணரையும் வேறு பதின்மரையும் உணவு சுமக்கப் பதினைவரையும் அம்மன்னன் தன்னோடு அனுப்பியதையும் எழுதியுள்ளான். இஸ்லாமியப் பயணி ஒருவன், தமிழ் மன்னனின் பல்லக்கில், யோகியர் வழிகாட்ட ஆதமின் பாதத்தைத் தரிசிக்கச் சென்றமை மத்தியகால இலங்கையைப் பற்றிப் பல நூல்கள் கூறாததைக் கூறுகின்றது.

ஹற்றனுக்கு அணித்தான அம்பகமுவவிலே முதலாம் விசயபாகுவின் (1055–1110) சிங்களக் கல்வெட்டு ஒன்றுண்டு. சோழரைப் பொலனறுவையிலிருந்து அகற்றிய அம்மன்னன், பாதத்தை வணங்க வருவோர்க்கு உணவளித்தற்பொருட்டுக் கிலிமலை முதலிய ஊர்களை வழங்கியதை அது கூறும். அதனோடு, பாதம் அமைந்த மேடைக்குக் கீழே, தாழ்ந்த குலத்தார் நின்று வணங்குதற்கென மற்றொரு மேடையை அமைத்ததையும் கூறும். அக்காலத்துக்கு அஃது ஒரு சலுகை. வணங்குதற்கே இடமில்லாதிருந்தவர்க்கு ஓரிடம் கிடைத்தது. தோட்டக் கோயிலின் வாயிற்புறத்தை நினைவிற் கொண்டு இதனைப் படிப்போர்க்கு அக்கீழ்மேடை அத்துணை தொலைவாய்த் தோன்றாது. இன்று எக்குலத்தாரும் ஒரே படியில் ஏறி ஒரே மணியை அடிக்கின்றனர், ஏறிய தடவைக்கு ஓரடியாக.

பதினாறாம் நூற்றாண்டிற் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் (1581–1593) சைவந்தழுவி மலையின் பொறுப்பை ஆண்டிகளுக்கு அளித்ததைச் சூளவம்சம் கடுஞ்சினத்தோடு பதிகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிற் கீர்த்திஸ்ரீ இராசசிங்கன் அதனைப் பௌத்த பிக்குகளிடம் மீள ஒப்படைத்தான். அவன் மதுரை நாயக்கர் வழிவந்த தமிழ் பேசும் அரச குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. மலைக்குரிய உரிமை கைமாறிய இந்நூற்றாண்டுகளிலும் ஏறுவோர் தத்தம் தெய்வத்தையே வணங்கி இறங்கினர் என்றுதான் கொள்ளவேண்டியுள்ளது.

மலையேறும் வழியில் யப்பானியரின் வெண்ணிறச் சமாதானத் தூபி ஒன்றுண்டு. நிச்சிதத்சு ஃபூஜி (1885–1985) என்னுந் துறவி தோற்றுவித்த நிப்பொன்சான் மியோஹோஜி இயக்கத்தாரின் பணி அது. மலையையே தெய்வமாகக் கருதும் யப்பானியர் இங்கே தூபி எடுத்தமை பொருத்தமானது. அந்நாட்டிலும் நூற்றாண்டுகளாகச் சிந்தோத் தெய்வங்களும் புத்தரும் ஒரே வளாகத்தில் வழிபடப்பெற்றனர். 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்கக் கட்டளையிட்டது. பலவிடங்களிற் புத்த படிமங்கள் உடைக்கப்பட்டன. தோக்கியோவிலிருந்து ஒரு நாட் செலவாக நிக்கோவுக்குச் செல்வோர் இன்று தோஷோகூ, ஃபூத்தராசன் எனும் ஆலயங்களையும் ரின்னோஜி விகாரையையும் வெவ்வேறு நிறுவனங்களாகக் காண்கின்றனர்; முன்னர் அவை ஒன்றாயிருந்தவை. அரசாணை எல்லைக்கல் நாட்டுமுன் வழிபாடு எவ்வாறிருந்தது என்பதை அறிய விரும்பும் யப்பானிய மாணவனுக்குச் சிவனொளிபாதமலை ஒரு பாடமாகலாம். நம்மவர்க்கு நிக்கோ ஒரு பாடமாகலாம்.

நுவரெலியாப் பக்கத்தில் வேறொரு வகை வரலாறு இப்போது எழுதப்படுகின்றது. ஹக்கலைப் பூந்தோட்டத்துக்கு அருகே, ஓடைக்கரையிற் சீதையம்மன் கோயில் உள்ள சீதா எலியாவை இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முதல் 'இராமாயணப் பாதை' எனும் பெயரால் இந்தியப் பயணிகள் திரளாகக் காணவருகின்றனர். றம்பொடையில் அனுமனுக்குப் புதுக்கோயில் எழுந்தது. 2024 மே மாதத்துச் சீதையம்மன் குடமுழுக்குக்கு அயோத்தியிலிருந்து சரயு நீர் வந்தது. சீதை சிறையிருந்த இடமெனும் நம்பிக்கையை மறுப்பது வரலாற்றாசிரியனின் பணியன்று. அதனை நிறுவுவதும் அவன் பணியன்று. ஆயின் ஒன்றைக் கூறாதிருக்க இயலாது. சரயு நீரைச் சுமந்த வண்டி கடந்து சென்ற தேயிலைச் சரிவுகளில், சிறையிருந்தவர்களின் பேரர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களின் ரோதைமுனிக்கு எந்தப் பாதையிலும் பெயர்ப்பலகை இல்லை. புகழ்பெற்ற புராணம் ஒன்று கிடைத்தவிடத்துக் கோயில் வளர்கின்றது. புராணமற்ற கல் நாளடைவிற் பிள்ளையாராகவோ முருகனாகவோ பெயர்மாறி, தன் பழைய பெயரை இழக்கின்றது. தோட்டங்களிற் புதுக்கட்டடம் எழும்போதெல்லாம் பலியும் தப்பும் விலக்கப்பட்டு, சூலக்கல் பின்சுவருக்குத் தள்ளப்படுகின்றது. முன்னேற்றம் வேண்டாமென எவருங் கூறார். பழைய கல்லுக்கு ஒரு குறிப்பேனும் எழுதிவைத்த பின்னர் அதனைச் செய்யலாம்.

எழுதுவதற்குச் சான்றே இல்லையென்பது சோம்பலின் வாதம். வெண்கல மணியிலே வார்த்த ஆண்டும் உபயகாரர் பெயரும் இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கின் அடியிற் கங்காணியின் பெயரும் அவன் சொந்த ஊரும் இருத்தல் கூடும். சுவரிற் பதித்த சீமெந்துப் பலகை ஒவ்வொன்றும் ஒரு கல்வெட்டே. தேரின் வடம் எந்த லயத்திலிருந்து புறப்படுகின்றது, கரகம் எவ்வீட்டிற் சோடிக்கப்படுகின்றது, மஞ்சள் நீராட்டு எங்கு முடிகின்றது என்பன, முதலில் வந்து குடியேறியவர் யாவர் என்பதைக் காட்டும் வரைபடம். தோட்டத்தின் பழைய செக்றோலும் துரைமாரின் நாட்குறிப்பும் கிடைக்குமிடத்து, விடுமுறை நாட்களைக் கொண்டு திருவிழாவின் வயதைக் கணிக்கலாம். வட்டக்கொடையருகே தோட்டமொன்றிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் மக்களின் பாடல்களை இவ்வாறே வாய்மொழியாகத் தேடித் தொகுத்தார். கோயில்களுக்கு அத்தகைய தொகுப்பாளர் இன்னும் வேண்டியிருக்கின்றனர். நினைவுடைய முதியவரோ ஆண்டுதோறுங் குறைந்துவருகின்றனர்.

இரவில் ஏறுவோர் சீத கங்குலையில் நீராடி, இந்திகட்டுபானவில் ஊசியும் நூலும் இட்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து விடியுமுன் உச்சியை அடைவர். கதிரவன் எழுந்ததும் மலையின் முக்கோண நிழல் மேற்கே மேகத்தின்மேல் வீழ்ந்து, சிறிது நேரத்திற் குறுகி மறையும். சாது எனவும் அரோகரா எனவும் ஒலி எழும். பின்னர் இறக்கம், முழங்கால் நோவோடு நல்லதண்ணியிற் பேருந்து ஏறி வந்த வழியே திரும்புவர்.

யாத்திரைப் பருவத்தின் பிற்பகுதி வறட்சிக் காலமுமாகும். மவுசாகலையின் நீர்மட்டம் நன்கு தாழ்ந்துவிட்ட ஆண்டுகளில், மஸ்கெலியாவை அணுகும் பேருந்தின் யன்னல் வழியே, வெடித்த சேற்றின் நடுவில் மூழ்கிய பழைய நகரின் எச்சங்கள் வெளிப்பட்டு நிற்பதைக் காணலாம்: இந்துக் கோயிலின் சுவர், விகாரையின் இடிபாடு, பள்ளிவாசலின் மிச்சம். நகரமக்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்து அவற்றிடையே நடந்து திரிவர். முதியவர், தம் கடை நின்ற இடம் எதுவெனச் சிறுவர்க்குச் சுட்டிக் காட்டுவர். மழை தொடங்கியதும் நீர் மீண்டும் ஏறிவிடும்.